கலங்கலில் காணும் கணக்கு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பல தலைமுறைகளாக வாணிகம் புரிந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 2021ஆம் ஆண்டுக் கோடையில், கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அத்தகைய குடும்பமொன்றின் பெரியவர் இரண்டு பரிசோதனைத் தாள்களைப் படம் பிடித்து நமக்கு அனுப்பினார். “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்” என்பது அவர் வேண்டுகோள். மைந்தர் இருவருக்கும் தொற்று உண்டு என்பது தாள்களில் தெளிவாகவே இருந்தது. அதன் கீழே ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். மூத்தவர்க்கு 31; இளையவர்க்கு 17.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவர் நாம். கலைப் படிப்பினர், விஞ்ஞானத்தோடு நமக்குள்ள உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. தாளில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, “சுற்று வரம்பு மதிப்பு 31, 17” என்று எழுதி அனுப்பிவிட்டோம். அவர்கள் வீட்டில் அதை மதிப்பெண் போலக் கொண்டார்கள். முப்பத்தொன்று மிகுதி, பதினேழு குறைவு. ஆகவே மூத்தவரைத் தனியறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இளையவரோ, “இவனுக்குச் சிறிதளவுதானே” என்ற எண்ணத்தில், எண்பது வயதைக் கடந்த பாட்டிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கும் பணியைத் தொடர்ந்தார். மறுநாள் பிற்பகல், ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதனைச் சொன்னோம். அவர் பதறிப்போனார். “எண் தலைகீழ், ஐயா! பதினேழுதான் மிகுதி” என்றார்.

அந்த எண் யாது, அது ஏன் தலைகீழாக நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளப் பின்னர் நாம் மேற்கொண்ட முயற்சியின் பயனே இக்கட்டுரை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் எத்தனையோ பேர் அந்நாட்களில் இத்தகைய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லைச் சாவடிகளில் நின்றவர்கள். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் செல்ல, தடுப்பூசி இருமுறை போட்டுக்கொண்ட சான்று இல்லையேல், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று வேண்டும் என்றிருந்தது. களியக்காவிளையில் காட்டிய தாளின் உட்பொருளை இப்பொழுதேனும் அறிவது நன்று.

உயிர்கள் யாவற்றின் அடிப்படைக் குறிப்பும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. சில வைரஸ்களில் இதற்கு மாறாக ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழை இருக்கும். கொரோனா வைரஸ் அவ்வகையைச் சார்ந்தது. அதைச் சோதிக்குமுன் ஒரு நொதியின் துணையால் டி.என்.ஏ. வடிவுக்கு மாற்றிக்கொள்வர். நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த துளியில் உள்ள இழைகளோ மிகச் சில. அவற்றை எந்தக் கருவியாலும் நேரே காணவோ எண்ணவோ எளிதில் இயலாது. ஆகவே முதலில் அவற்றைப் பெருக்க வேண்டும். பெருக்கியதை அளக்க வேண்டும். அளந்ததைக் கொண்டு தொடக்கத்தில் எத்தனை இருந்தன என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

பெருக்கும் வழியை 1983இல் அமெரிக்கரான காரி முல்லிஸ் கண்டார். அதற்காக 1993இல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசில் பங்கு பெற்றார். பி.சி.ஆர். எனப்படும் அம்முறையில், குழாயை ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரிந்து இரண்டு ஒற்றை இழைகளாகிறது. சற்றுக் குளிர்வித்தால், நாம் தேடும் பகுதியின் இரு முனைகளிலும் பொருந்துமாறு செய்யப்பட்ட சிறு தொடக்க இழைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி 72 டிகிரி அளவுக்கு உயர்த்தினால் நொதியானது அங்கிருந்து புதிய இழையைக் கட்டிச் செல்லும். ஒன்று இரண்டாயிற்று. இதுவே ஒரு சுற்று. பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகும். இருபதில் பத்து இலட்சத்தைத் தாண்டும். முப்பதில் 107 கோடிக்கு மேற்படும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு தவறாது நிகழ்வதாகக் கொண்ட கணக்கு இது; நடைமுறையில் சற்றுக் குறையும்.

பெருகியதை அளக்க நெடுங்காலம் கையாண்ட முறை, கூழ்த்தகட்டில் ஓடவிட்டுப் பார்த்தல். அந்தக் கூழ் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரைத் தூய்மையாக்கிச் செய்வது. இராமேசுவரம், மண்டபம் கரைகளில் நம் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்கு உதவும் பாசிகளுள் ஒன்று என்பதை நினைக்கையில், ஆய்வுக்கூடம் அத்துணைத் தொலைவில் இல்லை என்று தோன்றுகிறது. கூழில் சிறு குழி செய்து டி.என்.ஏ.வை இட்டு மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்னேற்றம் கொண்ட இழைகள் நேர்முனையை நோக்கி ஓடும். சிறியவை விரைந்தும் பெரியவை பின்தங்கியும் செல்லும். சாயமிட்டுப் புற ஊதா ஒளியில் வைத்தால் கோடுகளாக ஒளிரும். பக்கத்தில் அளவு தெரிந்த டி.என்.ஏ.வை ஓடவிட்டு, இதன் ஒளியோடு அதன் ஒளியை ஒப்பிட்டால் அளவு ஓரளவு புலப்படும்.

இன்னொரு முறை, 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைக் கரைசலினூடே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காண்பது. ஒரு சென்டிமீட்டர் தடத்தில் உறிஞ்சல் 1 என்றால், மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் இரட்டை இழை டி.என்.ஏ. உண்டு என்று கொள்வர். எளிதான முறைதான். ஆயினும் குழாயில் எஞ்சிய தொடக்க இழைகளும், கட்டுமானத்துக்கென்று இட்ட மூலப்பொருள்களும் அதே கதிரை உறிஞ்சுமாதலால், தூய்மையாக்காமல் அளந்தால் எண் ஏமாற்றும். இரட்டை இழையோடு சேர்ந்தாலன்றி ஒளிராத சாயங்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கின.

எனினும் இவை யாவும் பெருக்கம் முடிந்தபின் அளப்பவை. இங்கேதான் பெரிய இடர்ப்பாடு. பெருக்கம் எல்லையின்றிச் செல்வதன்று. மூலப்பொருள் தீர்கிறது, நொதி தளர்கிறது, பெருகிய இழைகள் தம்முள் ஒட்டிக்கொண்டு புதியவற்றுக்கு வழிவிடுவதில்லை. நாற்பது சுற்று முடிந்த நிலையில், பத்து இழைகளுடன் தொடங்கிய குழாயும் பத்தாயிரத்துடன் தொடங்கிய குழாயும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நின்றுவிடக் காணலாம். முடிவை மட்டும் பார்ப்பவருக்குத் தொடக்கம் தெரிவதில்லை.

குளத்துப் பாசனம் கண்டவர்களுக்கு இது விளங்கும். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் இரண்டு குளங்களும் நிறைந்தே இருக்கும். எதற்கு வரத்து மிகுதி என்று நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்ல இயலுமா? எந்தக் குளம் எந்த நாளில் மறுகால் பாய்ந்தது என்று நீர்ப்பாய்ச்சியைக் கேட்க வேண்டும். ஒரே பரப்புள்ள குளங்களில் முதலில் மறுகால் பாய்ந்ததே வரத்து மிகுந்தது. வடபகுதியினர் மறுகாலைக் கலிங்கு என்பர். குளம் நிறைவது கூட்டலால், குழாய் நிறைவது பெருக்கலால். அந்த வேற்றுமையை மட்டும் மனத்தில் கொண்டால் உவமை பொருந்தும்.

ஆகவே அளப்பவர்கள் வழியை மாற்றினார்கள். பெருக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழாயின் ஒளிர்வைப் பதிவு செய்யும் முறை 1990களின் தொடக்கத்தில் தோன்றியது. ஒளிர்வு முதற்பல சுற்றுகளில் ஒன்றும் தெரியாமல் தாழ்ந்து கிடந்து, பின் திடீரென மேலெழும், கடைசியில் தட்டையாகும். குறித்த ஒரு கோட்டை அது எந்தச் சுற்றில் தாண்டுகிறதோ அந்தச் சுற்றின் எண்ணே தாளில் அச்சாவது. குளத்தின் மறுகால் நாளைப் போன்றது அது. முன்னதாகத் தாண்டினால் தொடக்கத்தில் மிகுதி. பிந்தித் தாண்டினால் குறைவு. எண் தலைகீழாக நிற்பதன் காரணம் இதுவே. ஒரு சுற்று வேறுபாடு இருமடங்கு. மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேற்பட்டால் பத்து மடங்கு. நம் பெரியவரின் மைந்தர்களிடையே பதினான்கு சுற்று வேறுபாடு. இரட்டிப்பு குறைவின்றி நிகழ்ந்ததாகக் கொண்டால், இளையவரின் குழாயில் மூத்தவருடையதைக் காட்டிலும் பதினாறாயிரம் மடங்குக்கு மேல் கிருமி இழைகள் இருந்தன.

அளவு தெரிந்த கரைசலைப் பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று எனப் படிப்படியாக நீர்த்து, அவை கோட்டைத் தாண்டும் சுற்றுகளைக் குறித்துக்கொண்டால், நேர்கோடு ஒன்று கிடைக்கும். தெரியாத துளியின் எண்ணை அக்கோட்டில் பொருத்தித் தொடக்க அளவைப் படிக்கலாம். ஆனால் நோயறியும் கூடங்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. உண்டா, இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

இனி நம் நகரத்துச் செய்திக்கு வருவோம். பூஜப்புரையில் சாட்டல்மண்டு அரண்மனை என்றொரு பழைய மாளிகை உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் கொடையான அவ்வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. உள்நாட்டிலேயே செயற்கை இதய வால்வு செய்து 1990இல் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்திய நிலையம் அது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இதய நோயோடு வண்டியேறி வருவோர்க்கு அதன் பெயர் நன்கு தெரியும். அங்கே மூலக்கூற்று மருத்துவப் பகுதியின் பொறுப்பாளரான டாக்டர் அனூப் தெக்குவீட்டிலின் குழுவினர் 2020 ஏப்ரலில் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். அதன் பெயர் சித்ரா ஜீன்லாம்ப்-என்.

பி.சி.ஆர். யந்திரத்தின் விலையில் பெரும்பகுதி, சூட்டை நொடிக்கொரு விதமாக ஏற்றியிறக்கும் அமைப்புக்கும் ஒளிர்வைக் காணும் கண்ணுக்கும் போவது. சிறு ஊர் மருத்துவமனைக்கு அது எட்டாக்கனி. பூஜப்புரைக் குழுவினர் கையாண்டது, ஜப்பானியர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட லாம்ப் என்னும் வேறு வகைப் பெருக்கம். இதில் சூடு ஏறி இறங்குவதில்லை. 60 முதல் 65 டிகிரி வரையுள்ள ஒரே வெப்பநிலை போதும். இதற்குரிய நொதி, முன்னே உள்ள இழையைத் தானே விலக்கிக்கொண்டு புதியதைக் கட்டும். நான்கு முதல் ஆறு தொடக்க இழைகள் சேர்ந்து இலக்கின் ஆறு முதல் எட்டு இடங்களை அடையாளம் காணும். முனைகள் மடிந்து கண்ணியாகி, கண்ணியிலிருந்து மீண்டும் கட்டுமானம் தொடங்கிப் பெருக்கம் விரையும். விளையும் டி.என்.ஏ. பி.சி.ஆரில் விளைவதைப்போலப் பன்மடங்கு.

அளப்பது எவ்வாறு என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது. இழையில் ஓர் எழுத்தை நொதி சேர்க்கும்போதெல்லாம் பைரோபாஸ்பேட் என்னும் துணுக்கு ஒன்று கழிந்து வெளியேறும். தச்சன் பலகை இழைக்கையில் விழும் சீவலைப் போன்றது அது. குழாயில் ஏற்கெனவே உள்ள மக்னீசியத்தோடு இத்துணுக்கு சேர்ந்தால் நீரில் கரையாத வெண்பொடி உண்டாகும். டி.என்.ஏ. பெருகப் பெருக வெண்பொடி மிகும். தெளிந்திருந்த நீர் அரிசி களைந்த நீர்போல் கலங்கும். ஓர் எழுத்துக்கு ஒரு துணுக்கு என்பது தவறாத கணக்காதலால், கலங்கலின் அளவு பெருகிய டி.என்.ஏ.வின் அளவைப் பின்தொடரும். சாயம் வேண்டா, கூழ் வேண்டா. குழாயினூடே ஒளியைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணந்தோறும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பி.சி.ஆரிலும் இதே துணுக்கு கழியத்தான் செய்கிறது. ஆனால் விளைவு குறைவாதலால் கலங்கல் புலப்படுவதில்லை.

கலங்கல் என்னும் சொல்லைப் பற்றி இடையில் ஒன்று. இதற்குரிய கலைச்சொல்லைத் தேடி நாம் அகராதிகளைப் புரட்டியபோது ‘மங்கல்தன்மை’, ‘கலங்குமை’ எனப் பலவும் தென்பட்டன. நம் வீட்டுக்கு எதிரே வசிக்கும் மலையாள அம்மையாரோ, கிணறு மழையில் கெட்டுப்போன நாளில் “வெள்ளம் கலங்ஙி” என்று சொல்லிச் சென்றார். வெள்ளம் என்பது இங்கே வெறும் தண்ணீர். இரு மொழியாருக்கும் பொதுவாகக் கிணற்றங்கரையிலேயே கிடந்த சொல்லை விட்டு நாம் அகராதியில் அலைந்தது சற்று நாணத்தைத் தந்தது.

பூஜப்புரைக் கருவி தொடர்பாக அரசு அந்நாளில் வெளியிட்ட விவரங்கள் இவை. கிருமியின் என் மரபணுவில் இரண்டு பகுதிகளை அது தேடும். ஒரு பகுதி உருமாறிப்போயினும் மற்றது காட்டிக்கொடுக்கும் என்பது கருத்து. கண்டறிய ஆகும் நேரம் பத்து நிமிஷம். துளியை எடுத்ததிலிருந்து முடிவு தெரிய இரண்டு மணிக்கும் குறைவு. ஒரு யந்திரத்தில் ஒரே தொகுதியாக முப்பது துளிகளைச் சோதிக்கலாம். யந்திரத்தின் விலை இரண்டரை இலட்சம் ரூபாய். ஒரு சோதனைக்கு ஆயிரம் ரூபாய் அளவு. தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்தின் ஆலப்புழைக் கிளையில் ஒப்பிட்டபோது பி.சி.ஆர். முடிவுகளோடு முற்றும் ஒத்திருந்ததாக அறிவித்தார்கள். அதன்பின் நாடெங்கும் பயன்படுத்த ஒப்புதல் தருவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பு என்பதையும் அவ்வறிவிப்பே சொல்லிற்று. ஓரிடத்துச் சோதனையில் கிட்டிய வெற்றி வேறு, பல ஊர்களின் பல கைகளில் நிலைபெறுவது வேறு. செய்தித்தாள்கள் அந்நாளில் இவ்வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

லாம்ப் முறைக்கும் குறைகள் உண்டு. இவ்வளவு பெருக்கம் நிகழும் குழாயை ஒருமுறை திறந்தால், கண்ணுக்குத் தெரியாத திவலையில் கோடிக்கணக்கான இழைகள் காற்றில் ஏறும். அவை அடுத்த குழாயில் விழுந்தால் நோயில்லாதவரும் நோயாளி ஆவார். மூடிய குழாயிலேயே கலங்கலை அளந்துவிடுவதால் அந்த அபாயம் பெரிதும் தணிகிறது. இதுவே அம்முறையின் மறைவான நன்மை என்பது நம் கருத்து. மேலும், பல தொடக்க இழைகள் நெருங்கிக் கிடப்பதால் சில வேளை அவை தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வீண் பெருக்கம் உண்டாக்கும். இதனைக் கண்டுகொள்ள ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் தண்ணீர் இட்ட குழாய் ஒன்றையும் வைப்பார்கள். அது கலங்கினால் அன்றைய முடிவுகளை நம்புவதற்கில்லை. கலங்கத் தொடங்கும் நேரம் தொடக்க அளவை ஒருவாறு காட்டுமாயினும், பி.சி.ஆர். சுற்றெண் போல நுட்பமாகக் காட்டாது. உண்டா இல்லையா என்று விரைந்து அறியவே இது பெரிதும் ஏற்றது. காசநோய்க்கு இவ்வகைச் சோதனையை, சளியை உருப்பெருக்கியில் பார்ப்பதற்கு மாற்றாகக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் கூறியது. தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் கட்டட வேலைத் தளங்களிலும் நெருக்கமாக வாழும் நம்மவர்க்கு, கொரோனாவினும் இது நீண்டகாலத் தேவை.

சுற்றெண்ணையும் அளவுக்கு மீறி நம்பலாகாது. மூக்கில் குச்சியை மேலோட்டமாக விட்டு எடுத்தால் கிருமி மிகுந்தவர்க்கும் எண் பெரிதாகும். நோய் தொடங்கும் முதல் நாளிலும், தணியும் நாளிலும் ஒரே எண் வரலாம். முன்னவர்க்கு இனித்தான் ஏற்றம், பின்னவர்க்கு இறக்கம். கூடத்துக்குக் கூடம் கருவியும் மருந்துத் தொகுப்பும் வேறாதலால் ஓரிடத்து 24 மற்றோரிடத்து 24 ஆகாது. 24க்கு மேற்பட்ட எண் உள்ளவர்களைத் தொற்றில்லாதவர் என்று கொள்ளலாமா என்று மகாராஷ்டிர அரசு கேட்டபோது, கூடாது, 35 வரை தொற்றுள்ளவராகவே கொள்ளவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஏப்ரலில் விடையளித்தது. நோயின் கடுமையை இந்த எண் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, இதன் பெயர்ச்சுருக்கமும் நெஞ்சைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனின் பெயரும் ஒன்றாக ஒலித்ததால், இரண்டையும் ஒன்றெனக் கொண்டு கலங்கியவர்களும் உண்டு.

சாலைக் கடைத்தெருப் பெரியவரை அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, நம் பிழையைச் சொல்லி, எண் எதுவாயினும் இருவரும் ஒதுங்கியிருக்க வேண்டியவர்களே என்று தெரிவித்தோம். இளையவரைப் பாட்டியின் பக்கம் போகவிடாமல் தடுத்தார்கள். ஆயினும் நான்காம் நாள் பாட்டிக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய தாளும் நம்மிடமே வந்தது. எண் 22. பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து அவர் வீடு திரும்பினார். மூச்சு முன்போல் இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அந்தக் கோடையில் நம்மிடம் வந்த தாள்கள் மொத்தம் நாற்பதுக்கு மேல். அவற்றைத் தமிழாக்கி அனுப்புகையில், மூலத்தில் இல்லாத வரியொன்றை எல்லாவற்றுக்கும் மேலே நாமே சேர்த்து எழுதினோம்: “எண் சிறிதாயின் கிருமி மிகுதி, எண் எதுவாயினும் தனித்திருக்க.”